மேல்தளத்து விருந்து

மகளிடமிருந்து அந்தப் போன் வந்தபோது லிஃப்ட்காரர் வாசற்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அசைகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டாயிற்று. கதவுக்கு இது இரண்டாவது சுற்று. உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே ஆயுசின் பெரும்பகுதி கழிந்ததால் சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். மாப்பிள்ளை மட்டும் மாமா என்பார்.

மகள் சொன்ன சேதி பெரிய சேதி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கப்பலில் ஒரு வாரம் போய்வர டிக்கெட் எடுத்துவிட்டாளாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் முடிவாக வேண்டும் என்றாள்.

"ரூம் உள்பக்கத்து ரூம்ப்பா. ஜன்னல் இருக்காது. கொஞ்சம் கூடப் போட்டா பால்கனி வச்ச ரூம் தருவாங்க. இல்லேன்னா அதே காசுக்கு மேல்தளத்துல ஒரு ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட் இருக்கு, தினமும் சாயங்காலம் அங்க சாப்பிடலாம். ரெண்டும் சேர்த்து என்னால முடியாது. அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அம்மாவிடம் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. வேலைக்குப் போகும் பெற்றோர்கள் விட்டுப்போகிற பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்றில் சமையல் பார்த்தவள் அவர் மனைவி. கஞ்சி, சூப், குழைய வெந்த காய்கறி என்று நாள் முழுக்கக் கரண்டியும் கையுமாகவே நிற்பாள் என்பதால் பிள்ளைகள் அவளைக் கரண்டி அத்தை என்று கூப்பிட்டார்கள். வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதிலும் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. விருந்து வீட்டுக்குப் போனால் ஒரு வாய் வைத்ததுமே, இஞ்சியைக் கடைசியில்தான் போட்டிருக்கிறார்கள், எண்ணெய் பழையது என்று அவர் காதோரம் சொல்லிவிடுவாள். அவருக்கோ பசித்தால் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். என்ன கொடுத்தாலும் "ம், சாப்பிடலாம்" என்பார். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடமிருந்து வாங்கிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

முழங்கால் வலி என்று சொல்லிப் போன வருடம் அவள் வேலையை விட்டிருந்தாள். அதிலிருந்தே முகத்தில் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. வீட்டிலேயே அடைந்து கிடப்பதால் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஆக்கிப்போட்டுவிட்டு, மிச்சத்தை நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவளை ஒரு தடவையாவது உட்கார வைத்து, வெள்ளை விரிப்பு விரித்து, யாராவது பரிமாற வேண்டும். அந்தக் காட்சி அவர் மனதில் அப்போதே வந்துவிட்டது.

"கடலைப் பாக்கணும்னா மேல போய் நின்னாப் போச்சு. அது எங்க ஓடிடப் போகுது? நீ சாப்பாட்டையே போடும்மா," என்றார். அம்மாவிடம் சொல்லிவிடாதே, அங்கே போய்த் தெரியட்டும் என்றும் சொல்லி வைத்தார். சமையலறையில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கப்பல் என்று சொன்னாலும் உள்ளே போனதும் அது அவருக்கு ஒரு பெரிய ஓட்டல் மாதிரித்தான் இருந்தது. நீளமான கம்பள நடைபாதைகள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். அவர்களுடைய அறை சின்னது; ஆனால் துப்புரவாக இருந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கனமான திரைச்சீலை ஒன்று தொங்கியது. மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் போய் அதை இழுத்தாள். பின்னால் சுவரளவுக்கு ஒரு கண்ணாடி. அதில் ஆளுக்கொரு பையோடு அவர்கள் இருவரும் நின்றார்கள்.

"பரவாயில்ல, தெரிஞ்ச முகம்தான்," என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார். சாயங்காலம் வரட்டும், அப்போது தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு.

சாப்பாட்டுக்கு எல்லோரும் போவது கீழே இருந்த பெரிய கூடத்துக்கு. அங்கே நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து உட்கார்ந்து, குழந்தைகள் நாற்காலிக்கு நாற்காலி தாவ, ஒரே இரைச்சலாக இருந்தது. மனைவி அந்த வாசலில் தயங்கி நின்றாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்து, "நமக்கு இங்க இல்ல, வா," என்று லிஃப்டில் மேலே கூட்டிப்போனார்.

மேல்தளத்து உணவகம் சிறியது. விளக்குகள் தணிந்திருந்தன. வெயிட்டர், நரைத்த மீசைக்காரர், அவளுக்காக நாற்காலியை இழுத்துப் பிடித்தார். தான் இடறிவிழாமல் பிடிக்க வருகிறார் என்று நினைத்து அவள், "நான் உக்காந்துக்குவேன்," என்றாள். மடியில் துணியை விரித்துவிட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகள் வந்தன. முதலில் ஒரு கீரை இலையின் மேல் ஒற்றை இறால். பிறகு மஞ்சள் குழம்பு வட்டமாகச் சுற்றியிருக்க நடுவில் ஒரு துண்டு மீன். கடைசியில் கரண்டியால் உடைத்தால் உள்ளிருந்து சூடாக வழியும் சாக்லேட் கேக்.

"தட்டு இவ்வளவு பெரிசு, சாப்பாடு இத்துனூண்டு. கழுவறதுக்கே தனியா ஆள் வச்சிருப்பாங்க," என்று அவள் மெல்லச் சொன்னாள்.

ஒவ்வொரு தட்டு வந்ததும் அவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நல்லா இருக்கு என்றாள். மீனுக்கும் அதே பதில். கேக்குக்கும் அதே. இஞ்சி, எண்ணெய் என்று ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. இடம் புதிது, பெரிய மனிதர்கள் மாதிரி சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், கூச்சப்படுகிறாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மகள் போனில் கேட்டபோது, அம்மா ரசித்துச் சாப்பிட்டாள் என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து அவள் திறந்த தளத்திலேயே இருந்தாள். சாய்வு நாற்காலிகளில் எல்லாம் யாராவது துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தண்ணீரைப் பார்த்தாள். காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. மத்தியானம் ஒரு தடவை உள்ளே கூப்பிட்டார். வந்தாள், திரும்பப் போய்விட்டாள். வெயில் சாய்கிற நேரத்தில் கடலின் நிறம் மாறத் தொடங்கியபோது அவர் மேலே வந்து, நேரமாகிவிட்டது, உடை மாற்ற வேண்டும் என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

"மேசைய நமக்காகவே வச்சிருப்பாங்க. லேட்டாப் போனா நல்லா இருக்காது. வா, வா."

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அவர் அதைக் கவனித்தார்; ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டென்று தோன்றவில்லை. அர்த்தம் தெரிந்த பிறகு அந்த ஒரு பார்வைதான் அவரை அதிகம் படுத்தியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சூப்பில் தொடங்கினார்கள். அவர் தக்காளி சூப் கேட்டார், அவள் காளான் சூப். நிதானமாக, ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் அதைக் குடித்தாள். கிண்ணம் காலியாகிற சமயத்தில் பக்கத்து மேசையில் ஒரு சலசலப்பு. அங்கே இருந்த பெண்மணி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். அவள் கணவர் வெயிட்டரைக் கூப்பிட்டுக் கோபமாக ஏதோ சொன்னார். இரண்டு மேசை தள்ளியும் ஒரு கிண்ணம் திரும்பிப் போனது.

சற்று நேரத்தில் நரைத்த மீசைக்காரர் இவர்களிடம் விரைந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. "மன்னிக்கணும்மா. கிச்சன்ல காளான் சூப்புல ஒரு தப்பு நடந்துபோச்சு. ரெண்டு பேர் மாத்தி மாத்தி உப்புப் போட்டுட்டாங்க. எடுத்துட்டுப் போயிடறேன், வேற..." என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்துக்குக் கை நீட்டியவர் அது காலியாக இருப்பதைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நீங்க குடிச்சிட்டீங்களாம்மா?"

லிஃப்ட்காரர் கிண்ணத்தின் அடியில் தங்கியிருந்ததைத் தன் கரண்டியால் வழித்து வாயில் வைத்தார். வைத்ததுமே தொண்டை பொத்துக்கொண்டு இருமல் வந்தது. கடல் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றியது போல இருந்தது. இருமி முடித்து, கண்ணில் நீரோடு நிமிர்ந்தபோது மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளையின் முகம் அது.

"இங்க வேண்டாம். வெளில போயிடலாம்," என்றாள்.

உணவகத்துக்கு வெளியே, லிஃப்டுகளுக்கு எதிரே ஒரு சோபா கிடந்தது. அதில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட் கதவுகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. நல்ல உடை உடுத்தியவர்கள் வாசனை திரவியம் கமகமக்க இவர்களைக் கடந்து போனார்கள். அவள் மடியில் விரித்த துணியை மறந்து கையோடு எடுத்து வந்திருந்தாள். அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டே சொன்னாள்.

போன வருடம் மழைக்காலத்தில் இருவருக்கும் காய்ச்சல் வந்ததல்லவா? அவருக்குச் சீக்கிரம் விட்டுவிட்டது. அவளுக்கு விட்ட பிறகும் மூக்குத் திறக்கவில்லை. சளி போனால் சரியாகும் என்று இருந்தாள். சளி போயிற்று, வாசனை வரவில்லை. உப்பு மட்டும் கொஞ்ச நாள் மங்கலாகத் தெரிந்தது, பிறகு அதுவும் போயிற்று.

"அப்ப இப்ப குடிச்சது?"

"தொண்டை கொஞ்சம் எரிஞ்சுது. மிளகுன்னு நெனச்சேன்."

"எதுவுமே தெரியாதா?"

"சூடு தெரியும். ஜில்லுன்னு இருந்தாத் தெரியும். மொறுமொறுன்னு இருந்தா காதுக்குத் தெரியும்."

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு நாளாக ஒவ்வொரு தட்டுக்கும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, என்னை முட்டாளாக்கிவிட்டாயே என்றார். குரல் உயர்ந்துவிட்டது. லிஃப்டிலிருந்து இறங்கிய ஒரு தம்பதி சட்டென்று நடையை எட்டிப் போட்டார்கள். ஒரு வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை மறைத்தாயா, நான் என்ன வேற்று ஆளா என்று கேட்டார்.

அவள் காத்திருந்தாள். அவர் ஓய்ந்ததும், வேலையை விட்டது முழங்காலால் இல்லை என்றாள்.

"பால் கெட்டுப்போயிருந்துச்சு. எனக்குத் தெரியல. கொதிக்கிற கஞ்சில அப்படியே ஊத்திட்டேன். பிள்ளைங்க ஒரு வாய் வச்சதுமே துப்பிடுச்சுங்க. ஒண்ணு ரெண்டு வாந்தி எடுத்துச்சு. யாரும் என்னை ஒண்ணும் சொல்லல. எப்படிக்கா கவனிக்காம விட்டீங்கன்னு மட்டும் கேட்டாங்க. கரண்டி அத்தை, கஞ்சி ஏன் இப்படி இருக்குன்னு ஒரு குட்டி வந்து கேட்டுச்சு. அதுக்கு மேல அந்த அடுப்புக்கிட்ட நிக்க எனக்குத் தைரியம் வரல."

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரமே அவள் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். முழங்கால் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று முழங்காலைச் சொன்னாள்.

கடந்த ஒரு வருடம் ஒவ்வொரு துண்டாக அவருக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கைப்பக்குவத்திலேயே அள்ளிப் போடுகிறவள் திடீரென்று உப்புக்கும் காரத்துக்கும் அளவுக் கரண்டி வைத்துக்கொண்டாள். 'என்ன, வீட்ல மருந்துக்கடை வச்சுட்டியா?' என்று கேட்டுச் சிரித்தது அவர்தான். அவர் சாப்பிடத் தொடங்கும்போது எதிரில் வந்து நின்று, முதல் வாய்க்கு அவர் முகத்தையே பார்ப்பாள். வயதான காலத்தில் மனைவிக்குத் தன் மேல் பிரியம் கூடியிருக்கிறது என்று அதை எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையிடம் பெருமையாகக்கூடச் சொன்னார். ஒருநாள் பழைய கூட்டாளிகள் சாப்பிட வந்திருந்தபோது, 'கையே மறந்துபோச்சா உனக்கு? வாயில வைக்க முடியல' என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அன்றைக்கு அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். எவ்வளவு பெரிய கட்டடமானாலும் கீழே நின்றபடியே எந்த மாடியில் கதவு சரியாக மூடவில்லை என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுகிறவர் அவர்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டார். இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது.

"சொல்லலாம்னு வருவேன். அப்ப நீங்க ரிடையர் ஆன புதுசு. மொட்டுமொட்டுன்னு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. இதையும் சேர்த்து எதுக்குன்னு விட்டேன். அப்புறம் நாளாக நாளாக, இத்தனை நாளா ஏன் சொல்லலேன்னு கேப்பீங்களேன்னு அதுக்கே பயம் வந்துடுச்சு."

"மகள் இந்த டிக்கெட் போட்டப்பவாவது..."

அவள் துணியை மடிப்பதை நிறுத்தினாள். "அவ போன் பண்ணப்ப நான் அடுப்படியிலதான் நின்னேன். ஸ்பீக்கர் போட்டுத்தானே பேசினீங்க, எல்லாம் கேட்டுச்சு. எங்கிட்ட கேப்பீங்கன்னு அடுப்பத் தணிச்சு வச்சுட்டுக் காத்திருந்தேன். கேட்டிருந்தா பால்கனி ரூம்னு சொல்லியிருப்பேன். ஏன்னு கேட்டா இதையும் சொல்லியிருப்பேன்னுதான் நெனக்கிறேன்." சற்று நிறுத்தி, "கண்ணு ஒண்ணுதாங்க இப்ப எனக்கு முழுசா இருக்கு," என்றாள்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அப்படி ஒரு குரலில் சொல்லியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். உணவகத்துக் கதவு திறந்து நரைத்த மீசைக்காரர் எட்டிப்பார்த்தார். அடுத்த தட்டு தயாராக இருக்கிறது, கொண்டுவரலாமா என்று பணிவாகக் கேட்டார். வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

காலையில் முதல் வேலையாக அவர் பயணிகள் உதவி மேசைக்குப் போனார். அங்கே இருந்த இளம்பெண் பொறுமையாகக் கேட்டாள். பால்கனி அறைகள் ஒன்றுகூடக் காலியில்லை. ஜன்னல் மட்டும் வைத்த அறையாவது? அதுவும் இல்லை. ஸ்பெஷல் சாப்பாட்டை ரத்து செய்துவிட்டு வேறு எதையாவது தர முடியுமா என்று கேட்டார். கப்பல் கிளம்பிய பிறகு எதுவும் செய்ய முடியாது என்று வருத்தத்தோடு சொன்னாள். "சாப்பாடு பிடிக்கலையா சார்? நிறையப் பேர் அதுக்காகவே வருவாங்க," என்றாள். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சரி, மிச்ச நாள் முழுக்க அவளோடு திறந்த தளத்திலேயே நிற்பது என்று முடிவு செய்துகொண்டார். சாய்வு நாற்காலி பிடிக்க அவரும் விடியும்போதே துண்டோடு போவது என்றுகூடத் தீர்மானித்தார். ஆனால் அன்று மத்தியானத்திலிருந்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கப்பல் ஆடத் தொடங்கியது. காற்று பலமாக இருப்பதால் திறந்த தளங்களுக்கு யாரும் போகக்கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மேலே போகும் கதவுகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஒரு பணியாளரை நிறுத்தினார்கள். லிஃப்ட்காரர் அந்த ஆளிடம் போய், ஒரு நிமிடம், ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று கெஞ்சினார். வாழ்க்கையில் யாரிடமும் அப்படி நின்றதில்லை. ஆள் மரியாதையாகவே மறுத்தார்.

"ஆபத்துன்னுதானே நிறுத்தியிருக்காங்க. அவர ஏன் தொந்தரவு பண்றீங்க?" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நடைபாதையின் கோடியில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு வட்ட ஜன்னல் இருந்தது. அங்கே இரண்டு பேர் உட்காரலாம். அவளை அங்கே உட்கார வைத்தார். கண்ணாடியில் உப்புப் படிந்து, மேலே மழைத் தாரை ஓடி, வெளியே சாம்பல் நிறத்தில் ஏதோ ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. உள்பக்கம் தன் கைக்குட்டையால் துடைத்தார். அழுக்கு வெளிப்பக்கம் இருந்தது. அவளுக்கு ஆட்டத்தில் தலை சுற்றத் தொடங்கியது. சற்று நேரத்தில் படுத்துக்கொள்கிறேன் என்று அறைக்கு எழுந்து போனாள். அவரும் பின்னாலேயே போனார்.

அடுத்த நாளும் காற்று நிற்கவில்லை. சாயங்காலம் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்ததும், மேலே சாப்பிடப் போகலாம் என்று அவளே சொன்னாள்.

"அங்க வேண்டாம்," என்றார்.

"நீங்களாவது சாப்பிடுங்க. பொண்ணு ஆசையா எடுத்துக் கொடுத்திருக்கா. வீணாப் போகணுமா?"

போனார்கள். நரைத்த மீசைக்காரர் அன்று அவளிடம் கூடுதல் அக்கறையோடு நடந்துகொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. தட்டுகள் வந்தன. எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவள் முன்னைப் போலவே நிதானமாகச் சாப்பிட்டாள். அவரால் நாலு வாய்க்கு மேல் விழுங்க முடியவில்லை. அவர்களுக்கு அந்த உணவகத்தில் அதுவே கடைசிச் சாப்பாடாக இருந்தது. கடைசி இரண்டு நாளும் அவளுக்குத் தலை சுற்றல் விடவில்லை; அறைக்கே ரொட்டியும் டீயும் வரவழைத்துக்கொண்டார்கள். கப்பல் கரையை நெருங்கிய காலையில்தான் வெயில் வந்தது. அதற்குள் எல்லோரும் பெட்டியோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் லிஃப்ட்காரர் அவளைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டரம்மா நெடுநேரம் பார்த்தாள். வெவ்வேறு வாசனை நனைத்த பஞ்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டி ஏதாவது தெரிகிறதா என்று கேட்டாள். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது, தினமும் சில வாசனைகளை முகர்ந்து மூக்கைப் பழக்குகிற பயிற்சி இருக்கிறது, செய்து பாருங்கள் என்றாள். எவ்வளவு தூரம் திரும்பும் என்று சொல்ல முடியாதாம்.

"காய்ச்சல் விட்ட கையோட வந்திருந்தா நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். யாராவது கவனிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அவர்தான் கவனிக்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றாள்.

அதன் பிறகு அவர் அடுப்படிக்குள் வர ஆரம்பித்தார். அவள் ஆக்குவாள், உப்புப் பார்ப்பது அவர். ஆரம்பத்தில் இரண்டு பேரும் தடுமாறினார்கள். "சாப்பிடலாம்" என்று சொன்னால் அவளுக்குப் போதவில்லை. இன்னும் கொஞ்சம் போடணுமா, வேண்டாமா, புளிப்பா, கசப்பா, சரியாகச் சொல்லுங்கள் என்பாள். அவருக்கு அதற்கெல்லாம் சொல் கிடைக்காது. கரண்டியை நாக்கில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பார். மகள் வந்தபோது இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு சமையலறைக்கு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தான் எடுத்துக் கொடுத்தது இப்படி ஆனதில் அவளுக்கும் வருத்தம். போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னாள். நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை என்றார்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை கீழ்வீட்டுத் தையற்காரர் மேலே வந்தார். அவரும் மனைவியும் அடுத்த மாதம் அதே மாதிரி ஒரு கப்பலில் போகிறார்களாம். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே யோசனை கேட்டார்.

"கூடப் பணம் கட்டினா தனி ரெஸ்டாரண்ட்ல சாப்பாடுங்கறாங்களே, நீங்க அதுலதானே போனீங்க? கட்டலாமா, இல்ல வெத்துப் பகட்டா? உண்மையைச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். சாப்பாடு மட்டமில்லை. அதைச் சமைத்தவர்கள் மேலும் பரிமாறியவர் மேலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. உங்கள் வீட்டம்மாவைக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அவளை எதற்கு, அவளுக்கு என்ன தெரியும் என்று தையற்காரர் சிரித்தார். "போய்க் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதை எடுங்க," என்று லிஃப்ட்காரர் சொன்ன விதத்தில் அந்த மனிதர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, டீயை முடித்துவிட்டு எழுந்தார்.

அவர் படியிறங்கிப் போன பிறகு மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள். ஏதோ கேட்க நினைத்து, யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்குத்தான் தெரியல. நீங்க சாப்பிட்டீங்கள்ல? அந்த மீன் எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன். இப்பவாவது தெரிஞ்சுக்கறேன்."

அவர் ஆர்வமாகத் தொடங்கினார். பெரிய வெள்ளைத் தட்டு, நடுவில் மீன், சுற்றிலும் மஞ்சளாக வட்டம், ஓரத்தில் ஏதோ ஒரு தழை.

"அதை நானும்தான் பாத்தேன். ருசியச் சொல்லுங்க. புளிப்பா இருந்துச்சா? வெண்ணெய் வாசனை வந்துச்சா?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். மீன் நினைவுக்கு வந்தது, தட்டு வந்தது, விளக்கு வந்தது. அவள் முள்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனது வந்தது. அவள் உதடு, அவள் கண், நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லப்போகிற கணத்துக்காகத் தான் முன்னால் சாய்ந்து காத்திருந்தது. வாயில் என்ன இருந்தது என்று மட்டும் வரவில்லை. கேக்கை நினைத்துப் பார்த்தார். இறாலை நினைத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவள் முகம்தான் இருந்தது.

"ஞாபகம் இல்லம்மா," என்றார். "உன் முகத்தையே பாத்துட்டிருந்தேன். நான் என்ன சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியல."

தையற்காரர் வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாவம்," என்றாள். "நமக்கு அதையெல்லாம் சமைச்ச ஆளு."

சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.